மகனுக்குப் போட்ட நாற்காலி

என்னை டாக்டர் என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. கேட்டி என்ற இந்த அமெரிக்க ஊரில் இருக்கும் நம் ஆட்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் பிடிபடுவதே இல்லை. "அப்ப பாதி டாக்டரா?" என்று ஒருவர் கேட்டார். "நர்ஸுதான் அங்கிள். ஆனா நானே பார்த்து, டெஸ்ட் எழுதி, மருந்தும் குடுப்பேன்" என்றேன். முழு டாக்டர் எப்போது வருவார் என்று அதற்கு மேலும் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தார் மனிதர்.

இங்கே வருவதற்கு முன் கோயம்புத்தூரில் ஆறு வருடம் வார்டு நர்ஸாக இருந்தேன். அங்கே பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் புருஷன்தான் வாய் திறப்பார். எங்கே வலிக்கிறது என்று அவளைக் கேட்டால் இவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே வந்த பிறகு, மகளை டேகேரில் விட்டுவிட்டு, பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து இந்த வேலைக்கான பரீட்சைக்குப் படித்தேன். அந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வழக்கம். யார் வந்தாலும், கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் என்னென்னவோ வெளியே வரும். மாத்திரையை நிறுத்தியது, மறைவாகக் குடிப்பது, வீட்டில் அடி வாங்குவது. அதைக் கேட்டு வாங்குவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

ஒருநாள் என் கிளினிக்குக்கு ஓர் அம்மாள் வந்தார், ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அறுபத்து மூன்று வயது. மகன் வீட்டுக்கு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். எந்நேரமும் அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மகன் அழைத்து வந்தார். மகனைக் கோயிலில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆபீசில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

"வாங்க ஆன்ட்டி" என்றேன். அங்கேயே கோணலாகிவிட்டது. ஆன்ட்டி என்று கூப்பிட்டதும் நான் அந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டேன். வெளியே அனுப்பும் அந்த வாக்கியத்தை தினமும் இங்கிலீஷில் இருபது தடவை சொல்கிறேன், யாருக்கும் உறைப்பதில்லை. தமிழில் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'கொஞ்சம் வெளிய இருங்க.' வீட்டுக்கு வந்தவரை எழுந்து போகச் சொல்வது போல இருந்தது. நாளைக்குக் கோயிலில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து இன்னொன்றை நானே இழுத்து வந்து மகனுக்குப் போட்டேன்.

"பசி, தூக்கமெல்லாம் எப்படி ஆன்ட்டி?"

"அதெல்லாம் பரவால்ல கண்ணு."

"வேற ஏதாவது தொந்தரவு இருக்குங்களா?"

அவர் மகனைப் பார்த்தார். சேலை முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்ல கண்ணு."

பரிசோதனையில் ரத்தம் குறைவாக இருந்தது. மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால் அது எங்கே போகிறது என்று துருவிக் கேட்க வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் முடிவைப் போனில் மகனிடம்தான் சொன்னேன். "அம்மா விரதம் அது இதுன்னு சரியாவே சாப்பிடறதில்லைங்க" என்றார். சரி என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தேன். எந்தப் புருஷன்மார்களைப் பார்த்து எரிச்சல்பட்டேனோ, அதே போல ஒருவரைப் பேசவிட்டு, அவர் சொன்னதைக் கேட்டு மருந்து கொடுத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாள் பாத்ரூமில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கர்ப்பப்பையில் புற்றுநோய். நுரையீரல் வரை போயிருந்தது. ஊருக்கே போய்விடுகிறேன் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன் காபி போடக் கீழே போனார். அப்போதுதான் முதல் தடவையாக நாங்கள் இருவர் மட்டும் ஓர் அறையில் இருந்தோம்.

"எப்பருந்து ஆன்ட்டி?"

"தூரம் நின்னு பதினோரு வருஷமாச்சு கண்ணு. இங்க வந்த மறுமாசமே திரும்ப ரத்தம் பட ஆரம்பிச்சுது. உன்கிட்ட வர்றதுக்கு முந்தியே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பெத்த பையன் பக்கத்துல உக்காந்திருக்கறப்ப எப்படிச் சொல்றது? நீ அவனை வெளிய போகச் சொல்லுவியோன்னு பாத்துட்டே இருந்தேன். நீ சேரைக் கொண்டாந்து போட்ட."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இத அவங்கிட்ட சொல்லிப்போடாத கண்ணு. தான் கூட இருந்ததாலதான்னு நெனச்சு உடைஞ்சு போயிருவான்." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறேன், தமிழிலேயே. சில மகன்களுக்குக் கோபம் வருகிறது. ஒரு மாமா என்னைத் திமிர் பிடித்தவள் என்றாராம். சொல்லட்டும். ஆனால் கதவைச் சாத்தும் ஒவ்வொரு தடவையும், இதை அன்றைக்குச் செய்ய எத்தனை விநாடி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அம்மாள் ஊருக்குப் போன ஐந்தாவது வாரம் மகன் அங்கிருந்து போன் செய்தார். காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றார். பிறகு, "கூடவே இருந்தும் நான் கவனிக்காம விட்டுட்டேன், இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான்தான் கவனிக்காம விட்டேன்" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அவர். "எங்கம்மாவ நீங்க சொந்தப் பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டீங்க."