கப்பல் டிக்கெட் மெர்சி

ஹட் பே ஜெட்டியில் என் கான்ட்ராக்ட் சிமெண்ட் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். "தம்பி, மெர்சி போயிட்டாடா." காய்ச்சல் என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போன என் அக்கா மகள் வீடு திரும்பவில்லை.

அவளை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தாய்மாமன் சொல்வதுபோல் வருமா? அந்தமான் கப்பல்கள் எல்லாம் அவள் விரல்நுனியில்தான் மிதந்தன. டிக்கெட் விற்கும் சர்வர்கள் கூட்டமாக ஓடும். எந்த இடம் காலி என்பதை ஒவ்வொன்றும் நினைவில் வைத்து மற்றவற்றுக்குச் சொல்லும். அந்த நினைவு வேலைக்கான நிரல்களை ஒரே கட்டாகக் கட்டி எல்லாச் சர்வரிலும் ஏற்றுவது மெர்சியின் பொறுப்பு. கட்டுவதும் ஏற்றுவதும் எங்கள் ரத்தம். என்னைப் பார்த்துத்தான் கற்றாள்.

ஒரு கிறிஸ்துமஸ் நெரிசலில் யாரோ புதிய கட்டை ஒரு சர்வரில் மட்டும் ஏற்றிவிட்டார்கள். மற்றவை பழைய நினைவிலேயே நின்றன. கப்பலில் ஒரே பங்க் படுக்கையை இரண்டு குடும்பங்களுக்கு விற்று, ஜெட்டியில் கைகலப்பு. மெர்சி விற்பனையை நிறுத்தி, எல்லாவற்றிலும் ஒரே கட்டை ஏற்றிய பிறகே திறந்தாள். பெரிய அதிகாரிகள் அவள் முன் கைகட்டி நின்றார்கள். நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

அப்போது கேட்டேன்: "மாமாவுக்குன்னு ஒரு சீட்ட ஒளிச்சு வையேன், பாப்பா."

சிரித்தாள். "ஒரு சர்வர்ல பொய் சொன்னா எல்லாச் சர்வரும் அதையே சொல்லும் மாமா. ஊருக்கு உங்க ஒருத்தர் வாய் போதாதா?"

செய்தி வந்ததும் ஹட் பே கடையில் கோடிச் சேலை எடுத்தேன். தாய்மாமன் கோடி போர்த்தாமல் எங்களில் பெட்டியை மூடுவதில்லை. டிக்கெட் கவுண்டரில் கேட்டால், போர்ட் பிளேர் கப்பல் நிறைந்துவிட்டது. வரிசையில் நின்ற பெங்காலிப் பெரியவர், "மேரா டிக்கெட் லே லோ, பாய்" என்று தன் டிக்கெட்டை எனக்காக ரத்து செய்தார். அந்த இடம் அப்போதே, காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக இருந்த பெண்ணுக்குப் போய்விட்டது. அவள் தோளில் சுருண்டு கிடந்த குழந்தை.

"நடுவுல கை வைக்க முடியாது மாமாஜி" என்றார் கவுண்டர்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மெர்சி மேடம் அப்படித்தான் பண்ணி வச்சிருக்காங்க."

என் வாய்வரைக்கும் எத்தனையோ கதை வந்தது. வரிசையை விட்டு விலகினேன். கப்பல் போனது.

அக்கா மறுபடி கூப்பிட்டாள். "அடுத்த கப்பல் வரைக்கும் வைக்க முடியாதாம்டா. மாமன் முறையில வேற யாராவது போர்த்தட்டுமா?"

"போர்த்தட்டும்" என்றேன்.

மெர்சியின் பங்காக என்னிடம் இருப்பது அந்தச் சேலைதான். அரக்கு நிறம், மடிப்புக் கலையவில்லை. அவளுக்குப் பிடித்திருக்குமா என்று அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை.