ஜே என்றால் யாழ்ப்பாணம்

இஸ்மாலெப்பை காக்கா காலமான செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். காலை பத்து மணியிருக்கும். நான் காரைதீவு வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அன்ரி, வாப்பா சுபஹுத் தொழுதிட்டு வந்து படுத்தவங்க, மறுகா எழும்பல்ல" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். பள்ளியில அறிவிச்சாச்சி. ஆனா உங்களுக்கு மட்டும் நாங்களே எடுத்துச் சொல்லணும் எண்டு வாப்பா எப்பவோ சொல்லி வெச்சிரிந்தாங்க. மைக்கில சொல்ற பேரு ஒருத்தருக்கும் ஒழுங்கா விளங்காதாம்."

அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் பெயர் பிழையாகக் கேட்டுவிடக் கூடாதே என்று, தன்னுடைய மரண அறிவித்தலைப் பற்றியே முன்கூட்டிக் கவலைப்பட்ட மனிதர் வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை.

அவரோடு வேலை செய்த நீங்கள் இன்று எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த நாட்டிலோ இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனைத் தபாலகத்தில் நானும் அவரும் ஒரே வாரத்தில் தொலைபேசி இயக்குநர்களாக வேலைக்குச் சேர்ந்தோம். அவர் பாலமுனைக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். முதல் மூன்று மாதம் என்னை "மிஸ்" என்றார். ஒருநாள் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த மாங்காய்ச் சம்பலை ருசி பார்த்தார். அன்றிலிருந்து "தங்கச்சி" என்றார். நானும் அவர்கள் அண்ணனை அழைப்பது போல அவரைக் "காக்கா" என்றேன். எங்களுக்கு முன்னால் துளைகள் நிறைந்த ஒரு பலகை இருக்கும். வயரை எடுத்து ஒரு துளையில் செருகினால் இரண்டு ஊர்கள் கதைக்கத் தொடங்கும். தந்திகளையும் அதே வயர் வழியாகத்தான், ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகச் சொல்லி அனுப்புவோம். அந்தக் கம்பியின் இரைச்சலில் பீ, டீ, ஈ, வீ எல்லாம் ஒரே எழுத்துத்தான். அதனால் எழுத்துக்கு ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஏ என்றால் அப்பிள், ஓ என்றால் ஒரேஞ்ச் என்று அது போகும்.

ஒருநாள் சவளக்கடையிலிருந்து ஒரு வயல்காரர் வந்து, உரம் வந்து சேரவில்லை என்று கொழும்புக்குத் தந்தி கொடுத்தார். சரக்கு ஒலுவில் ஊரில் இறங்க வேண்டும் என்பது அவருடைய செய்தி. இஸ்மாலெப்பை காக்கா வாயைக் குழாயருகே வைத்து, "ஓ, ஒரேஞ்ச்! எல், லெமன்!" என்று கத்தினார். வயல்காரர் பதறிப்போய்ப் பலகைத் தடுப்புக்கு மேலால் தலையை நீட்டினார்.

"தம்பி, தம்பி! தோடம்பழமும் வேணா, தேசிக்காயும் வேணா. நான் உரந்தானே கேட்ட!"

எவ்வளவு சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை. ஒரு வாரம் கழித்து உரம் வந்துவிட்டது என்று சொல்ல வந்தபோதும், "பழம் ஒண்டும் வரல்ல" என்று சந்தேகத்தோடுதான் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தந்தி போன அன்று மாலையே இஸ்மாலெப்பை காக்கா ஒரு சட்டைப் பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தன் சொந்தப் பட்டியலை எழுதினார். அப்பிளையும் லெமனையும் எங்கள் சனம் எப்போது கண்டது என்பது அவர் கேள்வி. "எழுத்துத் தெரியாத ஆள் இரிக்கலாம் தங்கச்சி. ஊர் தெரியாத ஆள் இரிக்கானா?" என்றார். ஆகவே எல்லாம் ஊர்ப் பெயர்கள். ஏ என்றால் அக்கரைப்பற்று. என் என்றால் நிந்தவூர். பீ என்றால் பாலமுனை. அதில் மட்டும் சற்றுச் சுயநலம் இருந்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அவர் ஊரை ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொன்னார். ஜே என்றால் யாழ்ப்பாணம். சீ என்றால் கொழும்பு. ஜீ என்றால் காலி. ஏக்கு அடுத்து வருகிற, பாலமுனையின் பீக்கு அண்ணன் முறையான மற்ற பீக்கு மட்டக்களப்பு.

"காக்கா, மட்டக்களப்பு எண்டால் கேக்கிற ஆள் எம் எண்டு எழுதாதா?" என்று கேட்டேன்.

"மட்டக்களப்புக்கு இங்கிலீசில என்ன எழுத்து?"

"பீ."

"பொறகென்ன?"

அந்த "பொறகென்ன"வுக்குப் பதிலை ஒரு கலியாண வாழ்த்துத் தந்திதான் கொடுத்தது. பாவா என்ற மாப்பிள்ளைக்குப் போன தந்தி, மாவா என்ற பெயரில் போய்ச் சேர்ந்தது. கலியாண வீட்டில் யாரோ அதை உரக்க வாசித்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் மச்சான்மார் பல வருடங்களுக்கு அவரை அப்படியே அழைத்தார்கள் என்று கேள்வி. காக்கா பிழையை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் அட்டையில் மட்டக்களப்பை வெட்டிப் பதுளை என்று எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார். ஜேக்கு வேறு ஊர் இல்லையாம்.

இசட்டுக்கும் ஊர் கிடைக்கவில்லை. "அந்த எழுத்தில பேர் உள்ள ஆக்கள் நேரில போய்ச் சொல்லட்டும்" என்று முடிவு கட்டினார். அடுத்த கிழமையே, இசட்டில் பெயர் எழுதும் ஜைனுலாப்தீன் என்ற சீமெந்துக் கடைக்காரர் வந்து சண்டை பிடித்தார். "ஊருக்கெல்லாம் எழுத்து வெச்சிரிக்கீங்க. நான் மட்டும் என்னகா, ஊரில்லாதவனா?" காக்கா கண்ணை மூடி யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து "ஸம்ஸம்" என்று எழுதினார். மக்கத்துப் புனித நீரின் பெயர் தன் எழுத்துக்குக் கிடைத்ததில் ஜைனுலாப்தீனுக்கு அப்படியொரு பெருமை. தந்தி கொடுக்க எதுவும் இல்லாத நாளிலும் வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்.

மேலதிகாரி ஒருவர் பரிசோதனைக்கு வந்தபோது அட்டையைக் கழற்றச் சொன்னார். காக்கா உடனே கழற்றினார். அவர் போனதும் அதே ஆணியில் மாட்டினார். "கழற்றச் சொன்னாங்க, கழற்றினம். மாட்ட வேணா எண்டு ஒரு சொல்லும் சொல்லல்ல" என்றார்.

இவ்வளவும் விளையாட்டுப் போலத்தான் இருந்தது. அந்த மாரி காலம் வரும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாலமுனையிலிருந்து நான்கு பேர் ஓர் இயந்திரப் படகில் கடலுக்குப் போனார்கள். இயந்திரம் நின்றுபோய், வாடைக் காற்று படகைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாளாகச் செய்தி இல்லை. நான்காம் நாள் முற்பகலில் எங்கள் அலுவலக விறாந்தை முழுக்கச் சனம். போனவர்களில் ஆதம்பாவா, மீராலெப்பை என்ற இரண்டு பேரும் வயதானவர்கள். மற்ற இரண்டு பேரும் இளந்தாரிகள். ஒருவர் ஜலீல், மற்றவர் கலீல். ஜலீலின் உம்மாவும் கலீலின் மனைவியும் ஜன்னலுக்கு வெளியே ஒருவரையொருவர் பிடித்தபடி நின்றார்கள்.

பதினொரு மணிக்குத் தெற்குக் கரைத் துறைமுக ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். மறுபக்கம் ஒரு சிங்களப் பெண், என்னைப் போல ஓர் இயக்குநர். கிணற்றின் அடியிலிருந்து பேசுவது போலக் குரல். படகொன்றைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள், ஆட்களின் பெயர்களைத் துறைமுகத்திலிருந்து துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றாள். வாசித்தாள். எழுதினேன். ஆதம்பாவா. மீராலெப்பை. மூன்றாவது ஏதோ ஒரு லீல், ஜலீல் என்று எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான், மூன்று பேர் என்றாள். நன்றி சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கப் போனேன்.

பக்கத்திலிருந்து நான் எழுதியதைப் பார்த்த காக்கா என் கையைத் தட்டிவிட்டுக் கேள்கருவியை வாங்கிக்கொண்டார்.

"மிஸ், நாலு பேர் போனவங்க. எனக்கு விளங்கல்ல. துண்டில வேற என்ன இரிக்கி?"

அரைச் சிங்களத்திலும் கால் ஆங்கிலத்திலும் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். நான்காவது வரி ஒன்று இருக்கிறது, ஆனால் வெட்டியிருக்கிறது என்றாள் அவள். ஒரே பெயரை இரண்டு தரம் எழுதிவிட்டார்களாம்.

"வெட்டின பேரையும் வாசிங்க."

லீல், லீல் என்றாள். முதல் எழுத்தைக் கேட்டார். அவள் சொன்னது ஜேயா கேயா என்று அந்த இரைச்சலில் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். காக்கா எழும்பி நின்றுகொண்டார்.

"யாழ்ப்பாணமா மிஸ்? யாழ்ப்பாணமா? ஜெஃப்னா! ஜெஃப்னா! இல்லாட்டிக் கண்டியா? கேண்டி! கேண்டி!"

விறாந்தையில் ஓர் அலை எழுந்தது. "யாழ்ப்பாணத்தில கரையேறிட்டாங்களாம்!" "இல்லகா, கண்டியாம்!" கலீலின் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்டியில கடல் இல்லயேகா!" என்று அலறினாள். பின்னால் நின்ற ஒருவர், மகாவலி கங்கை வழியாக ஏறிப் போயிருப்பார்கள் என்று விளக்கம் கொடுத்தார். அதையும் நான்கு பேர் நம்பினார்கள்.

உள்ளே நிலைமை அதைவிட மோசம். "கேண்டி, மஹநுவர" என்று மறுபக்கத்துப் பெண் உதவி செய்யப் பார்த்தாள். காக்கா நொந்துபோனார். "எம் எங்கால வந்த? நான் எம் கேக்கல்ல!"

"காக்கா, கண்டிக்குச் சிங்களத்தில மஹநுவர எண்டுதான் சொல்ற" என்றேன்.

மட்டக்களப்பு விவகாரத்தில் அவர் எனக்குச் சொன்ன அத்தனை நியாயமும் அப்போது அவர் முகத்தில் திரும்பி வந்து மோதியதைப் பார்த்தேன். ஒரு கணம்தான். உடனே குரலை மாற்றி, நிதானமாக, ஊர்களை ஆங்கிலத்திலேயே சொன்னார். ஜெஃப்னா லீல் ஒருவர், கேண்டி லீல் ஒருவர், இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள், தயவு செய்து கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அவள் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு எங்கோ ஓடிய செருப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு கம்பியின் இரைச்சல் மட்டும்தான். காக்காவின் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. நானும் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அவள் மூச்சு வாங்கக் கத்தியது எனக்கும் கேட்டது. "ஜெஃப்னா லீல் எக்கெனெக், கேண்டி லீல் எக்கெனெக். தென்னம இன்னவா!" ஜெஃப்னா ஒருவர், கேண்டி ஒருவர், இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

காக்கா ஜன்னலுக்குப் போனார். கத்தவில்லை. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு பெயருக்கும் வாப்பாவின் பெயரையும் சேர்த்து, ஒருவருக்கும் பிழையாகக் கேட்காதபடி நால்வரையும் சொன்னார். "நாலு பேரும் உசிரோட இரிக்காங்க" என்றார். பிறகு வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "கேக்காம விட்டிரிந்தா, கலீல்ட பொண்டாட்டி இண்டைக்கே இத்தாவில இரிந்திரிப்பா தங்கச்சி" என்றார். கணவன் உயிரோடு இருக்க, ஓர் இளம் பெண் விதவையாக வீட்டுக்குள் அடைந்திருப்பாள். அப்படி ஆக்கியிருக்கக்கூடியவள் நான். அவர் அதைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை.

நால்வரும் மூன்று நாளில் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து பாலமுனையில் இளந்தாரிகள் இருவரும் யாழ்ப்பாணம் ஜலீலும் கண்டி கலீலும்தான். கண்டியைக் கண்ணால் காணாத கலீல், பேருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு வருடம் கழித்துக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குளிராம், மீனும் நல்லதில்லையாம்.

பிறகு தானியங்கித் தொலைபேசி வந்தது. பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். காக்காவும் நானும் வேறு வேறு மேசைகளுக்குப் போனோம், வேறு வேறு வருடங்களில் ஓய்வு பெற்றோம். பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாடு வரும். பொங்கலுக்கு இங்கிருந்து போகும். நாட்டில் என்ன நடந்தாலும் நாங்கள் இருவரும் அதை நிறுத்தவில்லை.

அடக்கத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போய், பெண்கள் இருந்த அறையில் கொஞ்ச நேரம் இருந்தேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சிரித்தார்கள், உடனே வாயைப் பொத்தி அழுதார்கள். அப்படி ஒரு மரண வீட்டை நான் கண்டதில்லை.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஒருவர், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் "எனக்கு விளங்கல்ல" என்று கூச்சமில்லாமல் சொல்வதை நான் அவரிடம்தான் முதலில் கேட்டேன். எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். இப்போது எனக்குக் காது சற்று மந்தம். போன கிழமை கிளினிக்கில் மருந்து கொடுத்த பிள்ளை வேகமாக ஏதோ சொன்னது. சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். "விளங்கல்ல மகள், திருப்பிச் சொல்லுங்க" என்றேன். மூன்று தரம் கேட்டேன். பின்னால் வரிசையில் நின்ற யாரோ முணுமுணுத்தார்கள். அதுவும் விளங்கவில்லை. திரும்பி நின்று, அதையும் கேட்டேன்.