பதின்மூன்று அங்குல உறுதியும் நீல பைண்டரும்

1. காகிதங்களுக்கு வீடு

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் செயலகத்துக்கு ஒரு லொறி வந்தது. அரிசியும் கூடாரமும் வந்த காலம் போய், எழுதுபொருள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் பளபளக்கும் நீல ரிங் பைண்டர்களையும், பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் உறைகளையும் இறக்கிவிட்டுப் போனது. ஆட்களுக்கு வீடு வருவதற்கு முன்னமே காகிதங்களுக்கு வீடு வந்து சேர்ந்தது.

நான் மஜீது. அப்போது காணிப் பகுதியில் எழுதுவினைஞர். கல்முனைப் பக்கத்தில் எந்தச் செயலகம் என்று சொல்லமாட்டேன். என் மச்சான்மார் இரண்டு பேர் இன்னும் அங்கேதான் சம்பளம் எடுக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னிடம், "உறை போட்டு வைக்க எந்த பைண்டர் நல்லது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிர்வாக உத்தியோகத்தரை ஏ.ஓ. சேர் என்று கூப்பிடுவோம். சட்டைப் பையில் நான்கு பேனை வைத்திருப்பார். கையெழுத்து வைக்க என்னிடம்தான் பேனை கேட்பார். பைண்டரைக் கண்டதும் மனிதருக்குப் பெருநாள் வந்துவிட்டது.

"மஜீது, இந்தப் பழைய பொக்ஸ் பைலெல்லாத்தையும் ஸ்டோருக்கு அனுப்புங்க. தட்டு முழுக்க நீலமா நிக்கணும். வெள்ளக்காரன் வந்து போட்டோ எடுக்கப்போறான்."

"சேர், காணி உறுதியெல்லாம் புல்ஸ்கேப் தாள். பதின்மூண்டு இஞ்சி. இந்த உறை ஏ-ஃபோர்."

"அதுக்கென்ன? அடிய மடிச்சி உள்ள வைங்க. ஒண்டரை இஞ்சிதானே."

அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் கதையே இருக்கிறது.

வீடிழந்த சனம் அப்போது பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் இருந்தது. கடலில் நனைந்து பிழைத்த காணி உறுதிகளை, நிலப் பத்திரங்களை, வைக்க அவர்களுக்கு ஒரு பெட்டிகூட இல்லை. பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று நாங்களே வாங்கிக்கொண்டோம். ஒவ்வொன்றாக உலர்த்தி, அடியை மடித்து, உறைக்குள் தள்ளினேன். தட்டு நீலமாக நிமிர்ந்து நின்றது. வெள்ளைக்காரன் வந்து படமும் எடுத்தான்.

நானும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. காகிதத்தை வெளியே எடுக்காமல், உறையோடு சேர்த்தே போட்டோக் கொப்பி போடலாம் என்று கண்டுபிடித்தவன் நான்தான். வேலை பாதியாகக் குறைந்தது. ஏ.ஓ. சேர் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். என் சேவைக் காலம் முழுவதிலும் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதுவும் தப்பான வேலைக்கு.

2. வளையத்தின் குணம்

வட்ட வளையம் உள்ள பைண்டர் நாற்பது உறைக்கு மேல் தாங்காது. நாங்கள் எழுபது திணித்தோம். கந்தூரிச் சோறு தின்ற வயிறு மாதிரி அது மூடமுடியாமல் திறந்து கிடக்கும். வளையத்தின் இரண்டு பல்லும் ஒன்றோடொன்று முட்டாது. அந்த இடைவெளியில் உறையின் துளை மாட்டிக் கிழியும். உறை தாளைவிட அகலம் என்பதால் பைண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்று ஓரம் சுருளும். போதாக்குறைக்கு மலிவான பிளாஸ்டிக் வெக்கைக்கு வியர்த்து மையோடு ஒட்டும். இத்தனையும் எனக்குத் தெரிந்தது. ஆனால் வெளியே இருந்து பார்க்க அழகாக இருந்தது. அரசாங்க வேலையில் அது பெரிய விஷயம்.

அந்தக் கொப்பிகளை வைத்துத்தான் வீட்டுத் திட்டத்துக்கு லிஸ்ட் தயாரித்தோம். உறுதியில் பெயர் உள்ளவருக்கு வீடு. லிஸ்ட் அம்பாறைக் கச்சேரிக்கு, மாவட்டத் தலைமைச் செயலகத்துக்கு, போனது.

3. சாண்

லிஸ்ட் ஒட்டி மூன்றாம் நாள் ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். பெயர் ஜெஸீமா, மருதமுனை. கைத்தறி நெய்கிறவள். உம்மாவும், மூத்தவளான ராத்தாவும் கடலோடு மௌத்தாகிப் போனார்கள். ராத்தாவின் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் லிஸ்ட்டில் ஒரு வீடு இருந்தது. இவள் பெயர் இல்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு பெண்ணுக்குத் தாய் கொடுப்பது. வீடில்லாத பெண்ணுக்கு யாரும் மாப்பிள்ளை பேசி வரமாட்டார்கள். இவளுக்குச் சுனாமிக்கு முன்னமே பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"காக்கா, என்ட பேர் இல்ல." அண்ணன் முறைக்கு எங்கள் பக்கத்தில் காக்கா என்பார்கள்.

"உறுதியில உங்கட பேர் இல்லையே தங்கச்சி. ராத்தாட பேர்தான் இரிக்கி."

"தெற்குப் பாதி ராத்தாக்கு. வடக்குப் பாதி எனக்கு. உம்மா எழுதக்குள்ள நொத்தாரிசுட வீட்ட நானும் இரிந்தன்."

"அப்பிடி ஒண்டும் இதில இல்ல. வாசிச்சிப் பாருங்க" என்று கொப்பியை நீட்டினேன். உறுதி எழுதிக் கொடுக்கும் நொத்தாரிசின் எழுத்தை நொத்தாரிசே இரண்டாம் தரம் வாசிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். வருகிறவர்களின் வாயை அடைக்க நாங்கள் வைத்திருந்த வழி அது.

அவள் வாசிக்கவில்லை. கட்டைவிரலையும் சின்னவிரலையும் விரித்துத் தாளின் மேல் வைத்து அளந்தாள்.

"இது கட்டையா இரிக்கி."

"என்ன கட்டை?"

"உம்மாட உறுதி ஒண்டரைச் சாண். எத்தினை தரம் விரிச்சி மடிச்சிரிக்கன். இது அவ்வளவு வராது. மிச்சம் எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "தங்கச்சி, இது சாரியில்ல, காகிதம்."

"சாரியெண்டா இப்பிடிக் கட்டையா குடுக்கேலா காக்கா. முதலாளி மூஞ்சில எறிவார்."

சிரிப்பு நின்றுவிட்டது. பைண்டரை இறக்கினேன். வளையம் திறக்கவில்லை, கோடு போடும் அடிமட்டத்தைக் கொடுத்து நெம்பித் திறந்தேன். உறைக்குள் கைவிட்டு உறுதியை எடுத்து, மடிப்பை விரித்தேன். உப்புத் தண்ணீர் குடித்த தாள் மடிப்பில் பொட்டுப் பொட்டாக விட்டிருந்தது. அதற்குக் கீழே நான்கு வரி. வடக்குப் பக்கப் பாதி இளைய மகள் ஜெஸீமாவுக்கு என்று எழுதி, தாயின் பெருவிரல் அடையாளமும் இருந்தது.

ஜெஸீமா அந்த அடையாளத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதாள். உம்மாவுடையது என்று அவளிடம் மிஞ்சியிருந்தது அது மட்டும்தான். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் பயம்தான் கூட.

ஏ.ஓ. சேரிடம் கொண்டு போனேன். பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"லிஸ்ட் அம்பாறைக்குப் போயிட்டு. இனித் திருப்பினா விசாரணை வரும். மறுகா மடிச்சி வைங்க."

"அந்தப் புள்ள வெளிய நிக்கிது சேர்."

"நிக்கட்டும். காகிதம் நம்மட கையிலதானே இரிக்கி."

அந்த வசனம்தான் எனக்குச் சூடு போட்டது. என் மேசைக்கு வந்து அம்பாறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறுதியின் அடியை மடித்து வைத்தவனும், மடிப்போடு கொப்பி எடுத்தவனும், பாராமல் லிஸ்ட் தயாரித்தவனும் கீழே கையொப்பமிடும் நானே என்று எழுதினேன். ஏ.ஓ. சேர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ட பேர் இரிக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப அனுப்புங்க" என்றார். பேனையை என்னிடமே கேட்டு வாங்கி ஒப்பமும் வைத்தார்.

4. திறப்பு

விசாரணை நடந்தது. தண்டனையாக என்னைப் பழைய பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். தண்டனை கொடுத்தவர்களுக்கு யோசனை போதாது. நீல பைண்டர்களும் அந்த அறைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தன. உட்கார்ந்து ஒவ்வொரு உறையாக விரித்தேன். இன்னும் சில ஜெஸீமாக்கள் மடிப்புக்குள் கிடந்தார்கள். எல்லாவற்றையும் புல்ஸ்கேப் பொக்ஸ் பைலுக்கு மாற்றி, இரண்டாவது லிஸ்ட் ஒன்று எழுதி அனுப்பினேன்.

அந்த லிஸ்ட் வேலை செய்யக் காலம் எடுத்தது. யுத்தம் திரும்பவும் மூண்டிருந்தது. சீமெந்து வராது, வந்தால் மேசன் வரமாட்டான், இரண்டும் வந்தால் பாதை மூடியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு அட்டாளைச்சேனையில் வீடுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

யுத்தம் முடிந்த வருஷம் ஜெஸீமாவுக்கு வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, கிடைத்தது. அதைக் கொடுத்த கூட்டத்தில் ஏ.ஓ. சேர், அப்போது பதவி உயர்ந்திருந்தார், ஆவணங்களைப் பேணிக் காப்பது எப்படி என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். நான் பின்வரிசையில் இருந்து தலையை ஆட்டினேன்.

முடிந்து வெளியே வரும்போது ஜெஸீமா என்னிடம் வந்தாள். திறப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"காக்கா, வீடு கிடைச்சிட்டு. ஆனா கொப்பி எடுக்கக்குள்ளயே நீங்க இத விரிச்சிப் பாத்திரிந்தா, இதுக்குள்ள இப்ப புருசன், புள்ளையெண்டு நாலு சீவன் இரிந்திரிக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

பைண்டர் வாங்கப் போகிற பிள்ளைகளே, கடைக்குப் போகும்போது உங்களிடம் உள்ள ஆக நீளமான தாளைக் கையோடு கொண்டு போங்கள். அது மடியாமல் போகிற உறையை எடுங்கள். அந்த உறை வெளியே துருத்தாத பைலை எடுங்கள். லீவர் வைத்த பொக்ஸ் பைல் அசிங்கமாக இருந்தாலும் பாரம் தாங்கும். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். கொப்பி எடுக்கும்போது தாளை வெளியே எடுத்து, முழுக்க விரித்து, அடி வரி வரைக்கும் வாசியுங்கள். அதற்கு ஒரு நிமிஷம் போதும். நான் அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்தேன். ஜெஸீமாவுக்கு நான்கு வருஷம் போனது.