நிகத் மாற்றிய குறி

சேலையூர் நிகத் நில அளவைப் பொறியாளர். 2009இல் கேம்ப் ரோட்டில் தூணுக்குக் குழி போடும் வேலை. ஜிபிஎஸ் கருவியை நம்பி, மண்ணுக்கடியில் போகும் மின்கேபிளிலிருந்து விலகித்தான் குறி போட்டிருந்தார்கள். ஆனால் பக்கத்து அடுக்குமாடிகள் பாதி வானத்தை மறைத்து, கருவிக்குச் செயற்கைக்கோள்கள் சரியாகக் கிடைக்காததால் நிகத்துக்கு மனம் ஒப்பவில்லை.

“ஸ்டார்ட் பண்ணட்டா மேடம்? நேரமாவுது,” என்றார் இயந்திரம் ஓட்டும் தயாளன்.

“இருங்கண்ணா. ரஷ்ய சாட்டிலைட்டையும் சேர்த்துப் பார்த்துடறேன்.”

ஜிபிஎஸ்ஸின் அமெரிக்கச் செயற்கைக்கோள்களோடு அவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, வரைபடத்தில் குறி கேபிளுக்கு நேர் மேலே இருந்தது. மண்ணைக் கையால் மெதுவாகத் தோண்டச் சொன்னார். பாதுகாப்புக்காகக் கேபிள் மேல் பரப்பிய செங்கல் தெரிந்தது.

“அய்யோ, கரண்டு இங்கதான் கீது! ஓட்டியிருந்தா இன்னா ஆயிருப்பேன்?” தயாளன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நிகத் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். யாரையும் குறை சொல்லாமல் புதிய இடத்தில் குறி போட்டார். அதன்பின் எங்கே வேலைக்குப் போனாலும் தயாளன் முதலில் கேட்பது, “நிகத் மேடம் பார்த்துட்டாங்களா?” என்றுதான்.