பைப் பாண்ட் நின்ற பிறகும் நிற்காத என் கைகள்

மழையில் நனைந்த கம்பளியின் வாசம்... அதோடு தோலும் தேனும் கலந்த ஒரு புளித்த நெடி. பேக்பைப்பின் பை காற்றை விடாமல் இருக்க உள்ளே தேன் மாதிரி எதையோ ஊற்றுவார்கள். எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ண் கிளேட்டனில் ஒரு சாரணர் மண்டபத்து ஹோலின் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது அதுதான்.

ஓம், நான் ஸ்கொட்லாந்துக்காரரின் பைப் பாண்டில் ட்ரம் அடித்தவன். கில்ட் என்கிற மடிப்புப் பாவாடை கட்டி, முழங்கால் வரை சொக்ஸ் போட்டு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

அப்போது ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை எனக்கு. யாழ்ப்பாணத்தில் பத்து வருஷம் மிருதங்கம் படித்துவிட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டு விமானம் ஏறியவன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கை சும்மா இராது, மேசையில் தட்டிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் எதிரே இருந்த ஃபிட்டர் அலெக் சான்ட்விச்சைக் கீழே வைத்தார்.

"உனக்குக் குச்சி பிடிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன். பழகலாம், வா என்றார். கிளாஸ்கோவில் பிறந்த மனிதர். அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது. அவர்தான் அந்த பாண்டின் தலைவர் என்பதே ஹோலுக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. நானும் மனைவி தேவகியும் மட்டும். நாங்கள் ஒரு மாதம் வெளியே தலைகாட்டாவிட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் மட்டும், நான் போகாவிட்டால் ஒரு வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும். அந்த இடம் எனக்கு எவ்வளவு பெரிது என்று இப்போது சொன்னால் விளங்காது.

முதல் போட்டிக்கு முந்தின நாள் தேவகி ஈரத்துணி போட்டு என் கில்ட்டின் மடிப்புகளை அயர்ன் பண்ணினாள்.

"கலியாணத்தண்டு உங்களுக்கு வேட்டி கட்டிவிடவே ரெண்டு பேர் வேண்டியிருந்தது. இதை எப்பிடித் தனியக் கட்டப் போறியள்?"

கட்டினேன். நாட்டுப்புறத்து ஊர் ஒன்றின் மைதானம், நல்ல வெயில், ஏழெட்டு பாண்டுகள். வாசிப்பு முடியும்போது எல்லோரும் ஒரே நொடியில் நிற்க வேண்டும், கத்தரித்தது போல. ஒரு சத்தம் மிஞ்சினாலும் புள்ளி போய்விடும். அலெக் ஆறு மாதமாகத் தொண்டை கிழியப் படிப்பித்தது இதைத்தான்.

அன்றைக்கு நாங்கள் வாசித்ததைப் போல அதற்கு முன் வாசித்ததே இல்லை. பைப்புகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. எனக்கு ஊர்க் கச்சேரி மேடையில் இருக்கிற சுகம் வந்துவிட்டது. கண்ணை மூடிவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

பாட்டு முடியும்போது ஒரு சொற்கட்டை மூன்று தரம் வாசித்துத் தீர்மானம் வைத்துத்தான் மிருதங்கக்காரனின் கை ஓயும். பைப்புகள் நின்றன. ட்ரம்கள் நின்றன. என் கைகள் நிற்கவில்லை.

ததிங்கிணதொம்... ததிங்கிணதொம்... ததிங்கிணதொம்...

எங்கேயோ ஒரு பெண் மட்டும் கைதட்டினாள். நடுவர் குனிந்து எழுதினார். தொப்பிக்குக் கீழே அலெக்கின் காதுகள் சிவந்துகொண்டு வந்தன.

ஒரு புள்ளியால் இரண்டாம் இடம். அதுவரை ஒரு கிண்ணமும் வெல்லாத பாண்ட் அது. திரும்பி வந்த பஸ்ஸில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"போய் மன்னிப்புக் கேளுங்கோவன்."

"எந்த முகத்தோட போறது?"

இரண்டு செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. வேலைத்தலத்திலும் அலெக்கின் கண்ணில் படாமல் வரைபட மேசையிலேயே சாப்பிட்டேன். என் இடம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். வெட்கத்தைவிட அந்தத் துக்கம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் டை கட்டிக்கொண்டு அலெக்! தேவகி பதற்றத்தில் தமிழிலேயே, "உள்ளுக்க வாங்கோ, இருங்கோ" என்றாள். எங்கள் சின்னக் குசினியில் இருந்தது இரண்டு கதிரைதான். ஒன்றில் அவர் இருந்தார். சோறும் மீன்குழம்பும் போட்டோம். முகம் தக்காளியாகி, வியர்வையைத் துடைத்துத் துடைத்து, தட்டைக் காலி பண்ணினார்.

பிறகு கேட்டார். "அந்த மூன்று தரம்... அது என்ன?"

எங்கள் ஊரில் அப்படி முடிக்காமல் விட்டால் பாட்டுக்கு மரியாதை இல்லை என்றேன்.

"எங்கள் ஊரில் நிற்காவிட்டால்தான் மரியாதை இல்லை," என்றார்.

எழும்பித் தொப்பியைப் போட்டார். வாசலில் நின்று சொன்னார். "ட்யூஸ்டே வா. உன் இடத்தில் நான் ஒருவரையும் நிறுத்தவில்லை."

அவ்வளவுதான். நான் இன்னும் ஆறு வருஷம் அடித்தேன். கிண்ணம் கடைசிவரை கிடைக்கவில்லை. யாருக்கு வேண்டும் கிண்ணம்!

இப்போது மெல்பேர்ணிலேயே, தமிழர் நிறைந்த ரோவிலில் இருக்கிறோம். வார இறுதி என்றால் ஓர் அரங்கேற்றம், மிருதங்கம் படிக்காத பிள்ளையைக் காண்பது அரிது. தீர்மானம் வைத்தால் சபையே கைதட்டுகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் முந்நூறு பேர்.

போன மாதம் காய்ச்சலில் மூன்று நிகழ்ச்சிக்குப் போகவில்லை. குழுவில் ஒரு பிள்ளை, "அங்கிள், ஓகேயா?" என்று போட்டிருந்தது. நல்ல பிள்ளை. நானும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். பத்துப் பன்னிரண்டு பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

அலெக் என்றால் வந்து, குசினிக் கதிரையில் இருந்து, வியர்க்க வியர்க்க மீன்குழம்பு சாப்பிட்டிருப்பார்.