பல்செட்காரரும் பள்ளிக்கூடத்துக் குட்டையும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் எரிமலைகள் இளஞ்சிவப்பு நிறத்தில்தான் வெடிக்கும். பூமிக்கடியில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் ஒரே ஆளின் கைவேலை. அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. ஈறு நிறத்தில் இருக்கும் அக்ரிலிக் தூள் அவர் பட்டறையில் எப்போதும் மிச்சம் கிடக்கும். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம் வந்து, "அப்பா, நாளைக்கு எரிமலை கொண்டுபோகணும்" என்று நின்றாள். சிவப்புப் பெயின்ட் வாங்கக் கடைக்கு ஓட நேரமில்லை. ஈறைக் குழைத்து மலை உச்சியிலிருந்து வழியவிட்டார். முதல் பரிசு. அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பைத்தியம்.

அறிவியலுக்குச் சூரிய மண்டலம் செய்தார். செவ்வாய் கிரகம் ஈறு நிறம். வரலாற்றுக்குக் கோட்டை கட்டினார். மதில்மேல் வரிசையாகக் கடைவாய்ப்பற்கள். எதிரி வந்தால் கோட்டையே கடித்துத் துப்பிவிடும் போலிருந்தது. இதயம் ஒன்றுதான் உண்மையான நிறத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். நடுவருக்கு அந்த உறுப்பே கிடையாது என்று அவர் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மற்ற வீடுகளும் ஒன்றும் யோக்கியமில்லை. டீச்சர் பிள்ளையிடம் கொடுத்த புராஜெக்ட் பிள்ளையிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து அப்பாவுக்கும் போய்விடும். பிள்ளையின் பங்கு, மறுநாள் அதை உடையாமல் தூக்கிக்கொண்டு போவது. பல்செட்காரரின் மனைவிதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவர். புராஜெக்ட் நாளில் எரிமலைக்கு ஜன்னல் சீட், பிள்ளைகள் நின்றுகொண்டு வரும்.

"இந்தத் தடவையும் பரிசு வாங்கினீங்கன்னா உங்களுக்கும் ஒரு யூனிஃபார்ம் தைச்சுடறேன்," என்பார் அந்த அம்மாள். "டை மட்டும் நீங்களே கட்டிக்கணும்."

மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்குப் பள்ளியில் வழங்கிய பெயர் 'பல்செட்'. அலமாரி நிறையக் கோப்பைகள் இருந்தன. அதில் ஒன்றையாவது தன்னுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அந்த வருஷம் புதிதாக ஒரு சயின்ஸ் மிஸ் வந்தார். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "இனிமே புராஜெக்ட் வீட்டுக்கு வராது. பிள்ளைங்களே ஒரு கேள்வியைப் பிடிச்சு, வகுப்பிலேயே செய்வாங்க," என்றார். கூடம் முழுக்கப் பெருமூச்சு. ஒரு அப்பா நிம்மதியில் கண்ணையே மூடிக்கொண்டார். நம்மவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"புராஜெக்ட் வீட்டுக்கு வராட்டி, நாங்க அதைத் தேடி வரலாமா மிஸ்?"

"பார்க்க வரலாம் சார்."

"பார்க்க மட்டும்தானா?"

"கண்ணால."

பிள்ளைகள் பிடித்த கேள்வி முற்றத்துக் குட்டை. மழை பெய்தால் நடு முற்றத்தில் தண்ணீர் தேங்கும். அதில் கால் விடாமல் படித்து முடித்தவர் அந்தப் பள்ளியில் கிடையாது. பெரிய மேடம் என்று எல்லோரும் சொல்லும் தலைமையாசிரியை, "ஒரு லோடு சிமென்ட் கொட்டி அடைச்சா முடிஞ்சுது. இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று லோடுக்குச் சொல்லியும்விட்டார். மிஸ் கெஞ்சிக் கூத்தாடிப் பள்ளிக் கண்காட்சி வரைக்கும் தவணை வாங்கினார்.

அப்புறம் பள்ளிக்கூடமே குட்டையில் இறங்கியது. மூன்றாம் வகுப்பு ஸ்கேலை விட்டு ஆழம் பார்த்தது; பார்த்த அத்தனை பேரும் இடுப்புவரை நனைந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அதில் நெளிகிற புழுக்களை வரைந்து, ஆளுக்கொரு பெயரும் வைத்தது. கணக்குக்காரர்கள் குட்டையில் எத்தனை வாளி தண்ணீர் என்று கண்டுபிடித்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து, பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆறாம் வகுப்புக்குக் கிடைத்தது மொழிப்பாடம். குட்டையில் கால் விடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து சேகரித்தது. விளையாட்டு ஆசிரியர் சொன்னது மட்டும் அவரே கேட்டுக்கொண்டதால் கோடிட்ட இடமாக விடப்பட்டது.

எட்டாம் வகுப்பில் மகளின் குழு முற்றத்தையே பலகைமேல் செய்தது. காகிதக் கூழைப் பிசைந்து, மேடு பள்ளம் அளந்து வைத்து, வார்னிஷ் அடித்தார்கள். தண்ணீர் ஏன் அங்கேயே வந்து நிற்கிறது என்று ஊற்றிக் காட்டத்தான். வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மாவுக்கு வேன் கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

"முற்றம் மாதிரி ஏதோ பண்றீங்களாமே," என்று பல்செட்காரர் தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"அப்பா, இது என்னோடது. உங்க விரல் பட்டுச்சுன்னு வைங்க, அதுக்கப்புறம் ஸ்கூல் கதை ஒண்ணுகூட உங்ககிட்ட சொல்லமாட்டேன். காலேஜ் முடியற வரைக்கும்."

அவர் ஆடிப்போய்விட்டார். நாள் முழுக்க அடுத்தவர் வாயை அச்செடுத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு, சாப்பிடும்போது மகள் வாயிலிருந்து வரும் பள்ளிக்கூடக் கதைதான் பொழுதுபோக்கு. யார் யாரைத் தள்ளினார்கள், எந்த டீச்சர் கொட்டாவி விட்டார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார்.

கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம் நாற்காலி போடப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. கிளினிக்கில் பல்செட் கொடுத்துவிட்டு, தோள்பையோடு நேரே வந்தார். வருகிற வழியில் குட்டையில் முழுக்கால் விட்டு, அதற்குரிய வார்த்தையைச் சொன்னார். தூணுக்குப் பின்னால் ஒரு பென்சில் கீறும் சத்தம் கேட்டது.

நாற்காலிகள் போட்டாயிற்று. எல்லோரும் கிளம்பியாயிற்று. அவரும் அந்தப் பலகையும் மட்டும்.

சுவர் கோணல், பொறுத்துக்கொண்டார். கொடிக்கம்பத்துக்குப் பல்குத்தும் குச்சி, அதையும் விழுங்கிக்கொண்டார். ஆனால் நட்டநடுவில் ஒரு பள்ளம். பாவம், யாரோ கைதவறி அமுக்கிவிட்டது போல. அச்சில் பள்ளம் கண்டால் அடைத்து வழவழப்பாக்குவதுதான் அவர் இத்தனை வருஷம் சோறு தின்ற வேலை. 'கண்ணால, கண்ணால' என்று முணுமுணுத்தார். அப்படி முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே கை பைக்குள் போய்த் தூளையும் திரவத்தையும் கலந்துவிட்டது. தடவி, இழைத்து, சட்டைக் கைநுனியால் மெருகும் போட்டார். பெயின்ட் மட்டும் இல்லை. பரவாயில்லை, யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

மறுநாள் எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். ஏனென்றால் முற்றத்தின் நடுவில் ஈறு பளபளத்தது.

மகள் கவனிக்கவில்லை. பெரிய மேடத்தைப் பார்த்தபடியே, "மழை பெய்தால் தண்ணீர் நாலு பக்கமும் ஓடிவந்து இந்தப் பள்ளத்தில் தேங்கும்" என்று மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள்.

தேங்கவில்லை. ஈறின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கொடிக்கம்பத்தைச் சாய்த்தது. 'தலைமையாசிரியை அறை' என்று எழுதியிருந்த அட்டைப்பெட்டியின் வாசலில் புகுந்து, ஜன்னல் வழியாக வெளியே வந்து, நிஜப் பெரிய மேடத்தின் செருப்பில் சொட்டியது.

மகள் குனிந்தாள். நிறத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பின் வரிசையில் ஒரு பையன் "பல்செட்" என்றான், மெதுவாகத்தான். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, நாற்காலிக்குள் போய்விட முடியுமா என்று பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மிஸ்.

"அந்த ரோஸ் கலர் நாங்க பண்ணலை மிஸ். எங்கப்பா பண்ணினது." நனைந்துபோன அட்டைப்பெட்டியிலேயே அவள் கண் நின்றது. "மிஸ், இன்னொரு தடவை ஊத்திப் பார்க்கட்டுமா?"

ஊற்றினாள். மறுபடியும் மேடம் அறை. அடுத்த குவளையைப் பெரிய மேடமே பிடுங்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஊற்றிப் பார்த்தார். தண்ணீருக்கு அவர் அறைதான் பிடித்திருந்தது.

"பள்ளத்தை அடைச்சா குட்டை போகாது மேடம்," என்றாள் மகள். "உங்க ரூமுக்குக் குடிவந்துடும்."

பெரிய மேடம் செருப்பைக் கழற்றித் தண்ணீரை உதறினார். பிறகு கிளார்க்கைத் தேடினார். "அந்த சிமென்ட் லோடுக்காரனுக்கு ஒரு ஃபோன் போடுங்க. வரவேண்டாம்னு சொல்லுங்க. இல்ல, இப்பவே போடுங்க."

குழு கூடிக் குசுகுசுவென்று பேசியது. பள்ளத்திலிருந்து வாசல் கேட் வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினால்? ஸ்கேலால் கீறினார்கள், ஈறு அசையவில்லை. காம்பஸ் முனை வளைந்தது. பல்செட்காரருக்குப் பத்து விரலும் அரித்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் அவர் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

"அப்பா," என்றாள் அவள். "பையில செதுக்குற கத்தி இருக்கா?"

மூன்று நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடினார். "இந்த இடத்துல கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு..."

"குடுத்துட்டுக் கையை எடுங்க."

எடுத்தார். அவள் வெட்டினாள். வாய்க்கால் கோணல்மாணலாக, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. தண்ணீர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நெளிந்து நெளிந்து கேட்டைத் தாண்டி வெளியே போனது. மூன்றாம் வகுப்பு கூடவே கத்திக்கொண்டு ஓடியது. கணக்குக் கட்சிகள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. பக்கத்து மேசையில் பெரிய மேடம் ஆறாம் வகுப்பின் அட்டையைப் படித்து, நேற்றைய வார்த்தைக்கு வந்து, "இது யார் சொன்னது?" என்று கேட்டபோதுதான் நம்மவர் வேன் பக்கம் நழுவினார்.

வேனில் மகள் முன் சீட்டில் ஏறினாள். அவர் கடைசி சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் இறங்கி, கடைசியில் வீட்டு ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள். காலேஜ் முடிய இன்னும் எத்தனை வருஷம் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

அவள் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பினாள். முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தாள். உதடு மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"இன்னிக்கு எங்க ஸ்கூல்ல என்ன நடந்துச்சு தெரியுமா?"

மனைவி கண்ணாடியில் அவரையே பார்த்தார்.

"தெரியாதே," என்றார் பல்செட்காரர். "சொல்லும்மா."

"நேத்து சாயங்காலம் நாற்காலி போட ஒரு ஆளு வந்திருக்கான்..."

"யாரு அந்தத் தடியன்?"

"குறுக்க பேசாதீங்க. என் கதை."

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.