அண்ணியின் கட்டைவிரல்

அண்ணி வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் வாசலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். அண்ணி ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வருவார். வலது கட்டைவிரலை நம் நெற்றியில் வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று சிலுவை போடுவார். மெதுவாகப் போடுவார் என்று நினைக்காதீர்கள். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற அழுத்தம் அதில் இருக்கும். அண்ணி ஊரான புக்கிட் ரோத்தானிலிருந்து காரை எடுத்தால் காப்பார் தாண்டும்வரை என் நெற்றியில் வெங்காய வாசனை போகாது. ஒரு ஞாயிறு மேலிருந்து கீழே கோடு வந்தது, குறுக்குக் கோடு வரவில்லை. "என்ன அண்ணி, பாதி ஆசீர்வாதம்தானா? மீதி அடுத்த வாரமா?" என்று கேலி செய்தேன். அண்ணி சிரிக்கவில்லை. இடது கையால் வலது கட்டைவிரலின் அடிப்பகுதியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, "ஒன்னுமில்ல பாப்பா, நீ போயிட்டு வா" என்றார்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தலைக்கு மை அடிக்கிறேன், பேரப்பிள்ளை இருக்கிறது. ஆனாலும் அண்ணிக்கு நான் பாப்பாதான். அவர் எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு லயத்து வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டிருந்தேன். நாத்தனார் என்ற பதவியை எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குத் தெரிவதற்குள், என் தலையைப் பிடித்து இழுத்து இறுக்கமாக இரட்டைச் சடை போட்டு, அந்தப் பதவியை அவரே பறித்துக்கொண்டார். அண்ணன் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பிறகு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் வேலை என்று சிங்கப்பூர் போய்விட்டார்கள். இப்போது புக்கிட் ரோத்தானில் தாமான் என்று சொல்கிற குடியிருப்பில் ஒரு வீட்டில் சக்கர நாற்காலியில் அண்ணனும், தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலையோடு அண்ணியும் இருக்கிறார்கள்.

கட்டைவிரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அது வலிக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. அண்ணி விடிவதற்குள் தேங்காய்ப்பால் பிழிய வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் மடிக்க வேண்டும். மடித்த தாளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் ரப்பர் பேண்டை மாட்ட முடியும். வீட்டுக்கு வந்தால் அண்ணனுக்கு இன்சுலின் ஊசி. அது பேனா மாதிரி இருக்கும். வயிற்றில் குத்தி, பேனாவின் தலையிலுள்ள பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணன் தானே போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஊசியைக் கண்டாலே அவருக்குத் தலை சுற்றுமாம். தோட்டத்துச் சேற்றுப் பாதையில் லோரி ஓட்டியவர்! முதல் நாளிலிருந்தே பனியனைத் தூக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்றது அண்ணியின் பாடு.

நான்தான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது என்றார்கள். விரலை அசையாமல் பிடிக்கும் ஒரு பட்டை கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு மாவு பிசைய முடியாது என்று அண்ணி அதைக் கழற்றி அலமாரியில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். மூட்டில் ஒரு ஊசி போட்டார்கள். சில மாதங்கள் நன்றாக இருந்து, வலி மறுபடியும் வந்தது. பிறகு அறுவைச் சிகிச்சை டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்தார்கள். அன்று ஆஸ்பத்திரியில் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் நான் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணியின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அண்ணி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஆப்பரேசன் பண்ணலாம்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்" என்றார்.

அதன் பிறகு அண்ணி சொன்ன சாக்குகளை வைத்து ஒரு கடையே போடலாம். கேண்டீனில் ஆள் இல்லை என்றார். ஆள் கிடைத்ததும், கிறிஸ்மஸ் வருகிறது, பலகாரம் சுட வேண்டும் என்றார். கிறிஸ்மஸ் முடிந்ததும், குளிர்காலத்தில் வெட்டினால் புண் ஆறாது என்றார். எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எது குளிர்காலம் என்று நான் கேட்டதற்கு ஒரு டப்பா பலகாரத்தை என் கையில் திணித்தார். அண்ணனிடம் போய், நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். "அவ கை. அவதான் முடிவு பண்ணணும்லா" என்றார். நல்ல மனிதரின் வாயிலிருந்து வருகிற நல்ல வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்ன கையோடு, ஊசிக்கு நேரமாகிவிட்டது என்று பனியனைத் தூக்கினார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்துவதை நான் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

புது வருடம் பிறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்கிக்கொண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போய்விட்டேன். அண்ணன் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கமாக அடுப்படிக்குள் நுழைந்தேன். அண்ணி எனக்கு முதுகு காட்டி மேசையில் உட்கார்ந்திருந்தார். மேசையெல்லாம் சோறு சிந்திக் கிடந்தது. கோணல்மாணலாக மடித்த நாசி லெமாக் பொட்டலங்கள், ஒன்றில்கூட ரப்பர் பேண்ட் நிற்கவில்லை. அருகே போனபோதுதான் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, வெளியே வராதபடி வெள்ளை பிளாஸ்டரால் சுற்றி ஒட்டியிருந்தார். மீதி நான்கு விரல்களால் ஒரு பொட்டலத்தை மடிக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

"இது எந்த டாக்டர் சொன்ன வைத்தியம் அண்ணி?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "வைத்தியம் இல்ல பாப்பா. பழகிப் பாக்குறேன்."

"எதப் பழகுறீங்க?"

"இது இல்லாம." மடித்த விரலைக் காட்டினார். "டாக்டரு பொத்தோங்னு சொல்லிட்டாருல்ல."

மலாயில் பொத்தோங் என்றால் வெட்டுவது. கேக் வெட்டினாலும் பொத்தோங்தான், முடி வெட்டினாலும் பொத்தோங்தான். ஆனால் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம், ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. இனிப்புநீர் இல்லாத வீடு எங்களில் எது? 'அவருக்குப் பொத்தோங்' என்றால் வேறு விளக்கம் வேண்டாம். விரலா, பாதமா, முட்டியா என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த டாக்டர், பாவம், சின்னப் பிள்ளை, அண்ணிக்குப் புரியட்டும் என்று எளிய மலாயில் சொல்லியிருக்கிறார்: "பொத்தோங் சிக்கிட், புவாங் தூலாங்." கொஞ்சம் வெட்டி, எலும்பைத் தூக்கிப் போட்டுவிடுவோம். தோலைக் கொஞ்சம் வெட்டுவதைச் சொல்லியிருக்கிறார். அண்ணி விரலையே வெட்டுவதாகக் கணக்குப் போட்டுவிட்டார். இபு ஜாரி என்று மலாயில் சொல்லும் கட்டைவிரலை, விரல்களுக்கெல்லாம் தாயை, வெட்டிக் குப்பையில் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கிறிஸ்மஸ் முழுக்க அச்சு முறுக்கு சுட்டு எங்களுக்கெல்லாம் டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"ஒங்கண்ணனுக்கும் மொதல்ல ஒரு வெரலுன்னுதான் சொன்னாங்க" என்றார் அண்ணி. "பெறகு பாதம்னாங்க. பெறகு முட்டிக்குக் கீழன்னாங்க. எனக்கு மட்டும் வெரலோட நிக்குமா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவருக்குத் தெரிஞ்சிரும். ஒரே வீட்ல ரெண்டு பேருக்குப் பொத்தோங்னா அவரு தாங்க மாட்டாரு."

மீன் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவ்வளவு பெரிய பயத்தை ஒருத்தி தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள், அதிலும் அழுது புலம்பாமல், விரல் போன பிறகு பொட்டலம் மடிப்பது எப்படி என்று ஒத்திகை பார்த்திருக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அண்ணியோ, அண்ணன் விழித்துக்கொள்வார் என்று என் வாயைப் பொத்தினார். பிறகு இருவருமாக பிளாஸ்டரைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தோம். உள்ளே விரல் வெளிறிச் சுருங்கிப் போயிருந்தது.

விரலை வெட்ட மாட்டார்கள் என்பதை டாக்டர் வாயாலேயே கேட்கட்டும் என்று மறுபடியும் அவரைப் பார்க்க நாள் வாங்கினேன். இந்த முறை காரைக் கொண்டுபோய்த் தொலைவிலேயே நிறுத்திவிட்டு இருவரும் நடந்து வந்தோம். அண்ணி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னதும் அந்த மலாய் டாக்டர் "ஆலாமாக், ஆண்டி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். தன் கையையே நீட்டி, கட்டைவிரலும் மணிக்கட்டும் சேருமிடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே கூழாங்கல் அளவில் ஒரு எலும்பு இருக்கிறது, அதன்மேல்தான் கட்டைவிரல் உரசுகிறது, அதை மட்டும் எடுத்துவிட்டால் உரசல் நின்றுவிடும் என்றார். நல்லதை மட்டும் சொல்லவில்லை. பல வாரங்கள் கையில் கட்டு இருக்கும், பயிற்சி செய்ய வேண்டும், சரியாக மாதங்கள் ஆகும், வலி பெரும்பாலும் போகும், ஆனால் பிடியின் பலம் இளவயதில் இருந்ததுபோல் திரும்பாது என்றார். செய்துகொள்ளாவிட்டால் உயிருக்கு ஒன்றுமில்லை, ஆண்டியின் விருப்பம்தான் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி கட்டைவிரலை அவர் முன் நிமிர்த்திப் பிடித்தார். "இபு ஜாரி அடா லாகி?" விரல் இருக்குமா? "அடா, ஆண்டி, அடா" என்றார் டாக்டர். இருக்கும், இருக்கும். வெளியே வந்ததும் அண்ணி, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு பாப்பா" என்று சொல்லி, பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. காரில் திரும்பும்போது, இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்த சாலையில், அண்ணி கட்டைவிரலைத் தடவிக்கொண்டே வந்தார். இப்போது என்ன என்று கேட்டேன். "பயமா இருந்தப்ப வேணாம்னு சொல்றது லேசா இருந்துச்சு. இப்ப வேணும்னு சொல்லணும்ல" என்றார். அந்த வார்த்தையை நான் வெகுநாள் மனதில் வைத்திருந்தேன். தனக்கு இது வேண்டும் என்று அண்ணி வாய் திறந்து கேட்டதை நான் பார்த்ததே இல்லை. மீன் குழம்பில் தலை யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு என்று பார்த்துப் பார்த்துப் போடுவார். அவர் தட்டில் வாலாவது விழுந்ததா என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. வலியைத் தாங்கிக்கொண்டால் வீடு வழக்கம்போல் ஓடும். வலி வேண்டாம் என்று முடிவு செய்தால், வீட்டில் மற்றவர்கள் எழுந்து வேலை செய்ய வேண்டும். அதைக் கேட்கத்தான் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி அண்ணன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பாஸ்கா முடியட்டும். கையில ஆப்பரேசன் பண்ணிக்கப் போறேன்" என்றார். ஊர்ச் செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார். ஆனால் கரண்டி தட்டில் பட்டுச் சத்தம் கேட்டது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று சொல்ல மாட்டேன், பால் புட்டியைப் பிடுங்கிய பிள்ளை கேட்பதுபோலத்தான் கேட்டார்:

"அப்ப எனக்கு ஊசி யாரு போடுவா?"

அண்ணி கரண்டியை வைத்தார். "ஏங்க, ஒங்க கட்டவெரலுக்கு என்ன கேடு?"

எங்கள் அண்ணியின் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும் என்று அண்ணன் மட்டுமா, நானும் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் ரசம் வழியும் தன் கையைத் திருப்பிக் கட்டைவிரலைப் பார்த்தார். நான் குனிந்து மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானேன்.

இப்போது அதெல்லாம் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. அண்ணியின் கட்டைவிரல் அடியில் மெல்லிய தழும்பு இருக்கிறது. வலி முக்கால்வாசி போய்விட்டது என்கிறார். மழை நாளில் கொஞ்சம் கடுக்கிறதாம். ஊறுகாய்ப் புட்டியைத் திறக்க இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். கேண்டீனில் பொட்டலம் மடிக்க வேறு ஒரு பெண் வந்துவிட்டாள், அவளுடைய மடிப்பு சரியில்லை என்று வாராவாரம் குறை சொல்கிறார். செய்துகொண்டது சரிதானா என்று கேட்பவர்களுக்கு, அவரவர் கை, அவரவர் வலி என்று சொல்லிவிடுகிறார். ஆனால் அந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அண்ணி கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை.

துணைக்கு நான் அங்கே தங்கியிருந்தேன். அண்ணி கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். எதிரே அண்ணன் பனியனைத் தூக்கிக்கொண்டு, ஊசிப் பேனாவைக் கையில் பிடித்திருந்தார். குத்தாமல் என் பக்கம் திரும்பினார். நான் வாங்கப் போனேன், அண்ணி கண்ணாலேயே என்னைத் தடுத்தார். "குத்துங்க. பட்டன அமுக்கிப் புடிங்க. ஒடனே எடுத்துறாதீங்க" என்றார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். முகத்தைச் சுளித்தார். பேனாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "வலிக்குதே. நீ போட்டப்ப ஒரு நாளும் வலிச்சதில்லையே" என்றார்.

"எப்படி வலிக்கும்? வலி பூரா எங்கிட்டல்ல இருந்துச்சு" என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அண்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி அண்ணியின் பக்கம் வந்தார். கட்டுக்கு வெளியே கட்டைவிரலின் நுனி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதைத் தொடலாமா என்று யோசித்தவர்போல் கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்றுதான் அண்ணி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணி அவரை நேராகப் பார்த்தார்.

"வலிக்குதுங்க" என்றார்.